காட்டெருமையின் காது

கல்லாறு தாண்டிப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், முழு மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய பழைய வீடு ஒன்று இருக்கிறது. வேட்டைக்கு வரும்போது தங்க எவனோ ஒரு துரை கட்டியது. அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று என் மனைவி மங்கலம் ஒற்றைக்காலில் நின்றதால், ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து காரைக் கிளப்பினேன்.

அங்கே காவலுக்கு இருந்த ஹரிகுமார் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான்.

"மூணு நாளுக்குப் பொறவு நீங்களாக்கும் சாரே வந்தது. ஆளு வரலேன்னு இந்த மாசத்தோட பூட்டப் போறாங்க. என் ஜோலியும் போச்சு."

அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், இருவரும் பள்ளிக்கூடத்தில். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் கவலை காலில். மகன் வாங்கித் தந்த புது ஷூ கடித்துத் தொலைத்தது. வாசலிலேயே கழற்றிப் போட்டேன். ஹரிகுமார் என் குதிகாலைப் பார்த்து, "அய்யோ, தொலி போயிருக்கே" என்றான்.

நான் வெறுங்காலோடு நடப்பதைப் பார்த்து மங்கலமும் செருப்பை விட்டாள். உள்ளே ஒரு உடைந்த நாற்காலி. சுவரில், கைக்கெட்டும் உயரத்தில், துரை சுட்ட காட்டெருமையின் பாடம் செய்த தலை. அவ்வளவுதான். சிவன் கோவிலில் நந்தியின் காதில் வேண்டுதலைச் சொல்லாமல் நகராதவள் மங்கலம். இங்கேயும் கையைக் குவித்து, காட்டெருமையின் காதில் ஏதோ முணுமுணுத்தாள்.

"அதுகிட்ட என்னடி சொன்னே? செத்து நூறு வருஷமாச்சு."

"வெளியில சொன்னா பலிக்காது."

அந்த நேரத்தில் நாகர்கோவில் வேன் ஒன்று வந்து நின்றது. வாசலில் கிடந்த ஷூவையும் செருப்பையும் பார்த்து, இறங்கிய இருபது பேரும் கழற்றினார்கள். மங்கலம் நகர்ந்ததும் காட்டெருமையின் முன்னால் வரிசை கட்டினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நம்மவர்களுக்கு வரிசை இருந்தால் போதும். எதற்கு என்பதை வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்வார்கள்.

ஷூ கடித்த கதையை உரக்கச் சொல்லிவிட நினைத்தேன். கூட்டத்தைக் கண்டு மலர்ந்திருந்த ஹரிகுமாரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனோம். சாலையோரம் அரை கிலோமீட்டருக்கு வண்டிகள். காட்டெருமையின் நெற்றியில் குங்குமம், கொம்பில் செவ்வரளி மாலை. குள்ளமானவர்களுக்கு ஒரு ஸ்டூல் வேறு. நான் பழைய செருப்போடு படியேறினேன்.

"சாரே, செருப்பு" என்று ஹரிகுமார் மறித்தான்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "இதெல்லாம் என் ஷூ கடிச்சதால வந்தது. உனக்குத் தெரியாதா?"

"அறியும் சாரே." அவன் குரலைத் தாழ்த்தினான். "அன்னைக்கு எல்லாரும் போன பொறவு நானும் அது காதுல சொன்னேன், பூட்டக் கூடாதுன்னு. பூட்டலியே."

நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.