வெயில் பட்ட பூ

கொல்லிமலைக்கு வந்த முதல் வாரத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே சூரியன் எத்தனை மணிக்கு வரும்? பால்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது வந்தா வருமுங்க" என்றார். பஸ் கண்டக்டர், "நாங்க கீழ எறங்கறப்பப் பாத்துக்குவோம்" என்றார். டீக்கடையில் ஒருவர், "ஏனுங்க, ஏதாச்சும் காயப்போடோணுங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். காய்வது என் வயிறுதான் என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

விஷயம் இதுதான். காலையில் சூரியனைப் பார்க்காமல் நான் எதையும் சாப்பிடுவதில்லை. தண்ணீர் மட்டும் உண்டு. இருபத்து மூன்று வருடமாக அப்படித்தான். என் மகள் கௌசிகா ஐந்து வயதில் மூளைக் காய்ச்சல் வந்து சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். விடிந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். விடிந்தது. ஜன்னலில் சூரியன் தெரிந்தபோது அவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டேன், இவள் நன்றாக இருக்கிறவரைக்கும் உன்னைப் பார்க்காமல் ஒரு பருக்கை உள்ளே இறங்காது என்று.

அடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம் எங்கள் விவசாயக் காடு. அங்கே இதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை. ஆறரைக்கு வரப்பில் போய் நின்றால் நேர் எதிரே நிற்கும். புயல் மழை நாட்களில் மட்டும் மத்தியானம் வரை பட்டினி. "அர்த்தனாரி இன்னும் பச்சத் தண்ணியோட உக்காந்திருக்கறான்" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

கௌசிகா இப்போது இந்த மலையில் வாழவந்தி நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. மாப்பிள்ளை தரணிதரனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமைதான் வருவார். லீவையெல்லாம் பிள்ளை பிறந்த பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அவள் அம்மா இருந்திருந்தால் வந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறு வருடமாக எனக்கு நானே சமைத்துப் பழகியவன் என்பதால், கார்த்திகைக் கடைசியில் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நான் மலையேறிவிட்டேன். சூரியனைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் அதைப் போய் யாரிடம் கேட்பேன்?

முதல் நாள் பதினொன்று இருபதுக்குத் தெரிந்தது. இரண்டாம் நாள் ஒன்றே கால். பனி என்றால் ஊரில் விழும் பனி இல்லை, வாசலில் நிற்கிற குச்சிக்கிழங்குச் செடி கண்ணுக்குத் தெரியாத பனி. கௌசிகா போனைத் திறந்து, "ஆறு முப்பத்தி மூணுக்கே வந்துருச்சுங்ப்பா, இதுல போட்டிருக்குது, சாப்புடுங்க" என்றாள். போன்தானே பார்த்தது, போனுக்கு இட்லி ஊட்டு என்றேன். சிரித்தாள். அப்போது அவளுக்கு என் சர்க்கரை மாத்திரை விவகாரம் நினைவுக்கு வரவில்லை. சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை அது. நான் அதையும் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. மேலேதானே பனி, கீழே இருக்காதே. அவள் பஸ் ஏறிப் போனதும் அவளுடைய ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே போனேன். எழுபதில் தொடங்கி நாற்பத்தொன்றில் பனி விலகியது, கும்பிட்டேன், திரும்பி வந்து பத்து மணிக்குச் சாப்பிட்டேன். உலகத்தில் காலைப் பலகாரத்துக்குப் பெட்ரோல் போட்ட ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். மறுநாள் முப்பத்து மூன்றாவது வளைவு வரை போக வேண்டியிருந்தது. பனி எங்கே முடிகிறது என்று தேடிப் போவதில் எனக்கு ஒரு ருசியே வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் இருபதாவது வளைவிலும் வெளிச்சம் இல்லை. கண் இருட்டியது. வண்டியை நிறுத்திவிட்டுத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். கீழே போய்விட்டு வேனில் மேலே வந்துகொண்டிருந்த சாமியப்பன் என்னைப் பார்த்தார். கௌசிகா குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர், மிளகு விவசாயி. பன் ஒன்றை நீட்டினார். வேண்டாம், இன்னும் பார்க்கவில்லை என்றேன். யாரை என்று கேட்டார். சொன்னேன். அவர் ஸ்கூட்டியை வேனில் ஏற்றி, என்னையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான்கு மணிக்குக் கொடியிலிருந்து துணி எடுக்கும்போதுதான் பனி கிழிந்து மேற்கே சூரியன் தெரிந்தது. கும்பிட்டுவிட்டு அவசரமாக உள்ளே போய் அரிசியும்பருப்பும் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டேன். வாய் நிறையச் சோறோடு இருக்கும்போது கௌசிகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நின்றாள். சாமியப்பன் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஒரு வழியாக முடித்திருப்பேன். ஸ்கூட்டிச் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"நாளையிலிருந்து நீங்க சாப்புட்டாத்தான் நான் சாப்புடுவேனுங்ப்பா."

"வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு என்ன கண்ணு பேசற?"

"எம்மேலதான வேண்டுதல்? அப்ப எனக்கும் அதுல பாத்தியத இருக்குதல்லோ."

மறுநாள் பனி நிலைப்படி வரைக்கும் வந்து நின்றது. இட்லியும் கடலைச் சட்னியும் செய்து டிபன் பாக்ஸில் போட்டுக் கொடுத்தேன். அவள் அதைத் திறக்காமல் வாங்கிப் பையில் வைத்தாள். பாலைக்கூடத் தொடவில்லை. எட்டரைக்குப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டாள். சாப்பிட்டால் வேண்டுதல் முறிகிறது, முறிந்தால் அவளுக்கும் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். சாப்பிடாவிட்டால் அவள் பட்டினி. இருபத்து மூன்று வருடம் அவளுக்காக இருந்த பட்டினி இப்போது அவளையே பட்டினி போடுகிறது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கேயாவது மேட்டில் ஒரு கீற்று தெரியாதா என்று கோயில் பக்கம் ஏறினேன்.

கோயில் மேட்டிலும் அதே வெள்ளைதான். ஆனால் அங்கே ஒரு விநோதம். சாமியப்பனின் மனைவி மயிலாத்தாள் பூக்கூடையோடு உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கோயிலுக்குப் பூக்கொடுப்பது அவர்கள் வீட்டு முறை. கூடையில் செவ்வந்தி, ஒவ்வொன்றும் நன்றாக விரிந்து, உலர்ந்து, மஞ்சளாக இருந்தது. வருகிற வழியில் அவள் தோட்டத்துச் செடிகளைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். எல்லாம் தண்ணீர் சொட்டத் தலை தொங்கிக் கிடந்தன. அவ்வளவு கவலையிலும் எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏம்மா, இந்தப் பூ எங்க பறிச்சது?"

"நம்ம தோட்டத்துலதானுங்கண்ணா. நேத்துப் பொழுது தெரிஞ்சப்ப ஓடிப் போயிப் பறிச்சுட்டனுங்க."

பொழுது என்றால் இந்தப் பக்கத்தில் சூரியன். எனக்குச் சுருக்கென்றது. முதல் நாள் பறித்த பூவைச் சாமிக்குப் போடுவதாவது. எங்கள் ஊரில் விடியற்காலையில் குளித்துவிட்டுப் பறித்தால்தான் பூ.

"பழைய பூவையா சாமிக்குப் போடறீங்க?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நான்தான் ஏதோ புரியாமல் கேட்கிறேன் என்பதுபோலப் பார்த்தாள்.

"வெயில் மாசத்துல காலைலதானுங்க பறிப்போம். பனி மாசத்துல காலைல பறிச்சா அது வெறும் தண்ணிப் பூ, வெயிலே படாததுங்க. அதப் போடக்கூடாதும்பாங்க. வெயில் பட்ட பூவு நேத்ததுதான. அதான் அதப் பறிச்சு வெச்சிருந்து, காலைல நேரங்கழிச்சுக் கோயலத் தொறந்து போடறது. பனி மாசத்துல சாமி எந்திரிக்கறதே ஒம்பது மணிக்குங்க."

"மார்கழி பொறக்கப் போவுது. எங்கூர்ல நாலு மணிக்கே எழுப்பிருவாங்க சாமிய."

"அங்க விடியுமுங்க, எழுப்பலாம்" என்றாள்.

நான் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பூவை எடுத்துப் பார்த்தேன். நேற்று நான்கு மணிக்கு நான் துணிக்கொடியில் பார்த்த அதே சூரியனைத்தான் இதுவும் பார்த்திருக்கிறது. இதைச் சாமி ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் நான் நேற்றுப் பார்த்தது? சாமியப்பன் சொல்லி என் வேண்டுதல் அவளுக்கும் தெரிந்திருக்கும், கேட்டுவிட்டேன்.

"நேத்து நானும் பாத்தேன். ஆனா அது நேத்துச் சோத்துக்கு ஆயிப்போச்சு. இன்னைக்குச் சோத்துக்கு அது ஆகுமா?"

மயிலாத்தாள் மாலை கட்டுவதை நிறுத்தினாள். முதல்முறையாகச் சிரித்தாள்.

"ஏனுங்கண்ணா, ஒருக்காப் பாத்தா ஒரு வேளைக்குத்தானுங்களா? பொழுதென்ன ரேசன் கடையிங்களா?"

எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. பூவைக் கையில் வைத்துக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். அறுபத்தொரு வயதில் ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்குத்தான். பனியில் பஸ் தாமதம். கௌசிகா நிழற்குடையில் தனியாக உட்கார்ந்திருந்தாள், முகம் வெளிறியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பூவைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். இனிமேல் பனி மாதத்தில் சாயங்காலம் பார்ப்பது மறுநாள் காலைக்கு, இதில் உன் மேல் குற்றம் வராது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் பயமாக இருக்கிறது கண்ணு என்றேன்.

அவள் பூவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லட்டுங்ளாப்பா? சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு இத்தன வருசமாச் சொல்லல."

"சொல்லு சாமி."

"அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் முழிச்சப்ப விடியவே இல்லீங்ப்பா. வெளிய இருட்டாத்தான் இருந்துச்சு. நீங்க எப்ப விடியும்னு ஜன்னலயே பாத்துட்டு நின்னுட்டிருந்தீங்க. எனக்கு உங்க முதுகுதான் தெரிஞ்சுது. தண்ணீன்னு கூப்பிட்டேன், கேக்கல. அப்புறம் வெளிச்சம் வந்து நீங்க கும்பிட்டு முடிச்சுட்டுத்தான் திரும்புனீங்க."

அந்த ஜன்னல் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, கம்பி எத்தனை என்றுகூடச் சொல்வேன். அவள் குரல் ஞாபகமில்லை. இருட்டிலேயே பிழைத்துக்கொண்ட பிள்ளையை, தாகத்தோடு என் முதுகைப் பார்க்க விட்டிருக்கிறேன். அழுகை வந்தது, அழுதேன். பனியில் யாருக்குத் தெரியப்போகிறது.

அவள் டிபன் பாக்ஸைத் திறந்து ஓர் இட்லியைப் பிட்டு என் முன்னால் நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த துண்டை அவள் வாயில் போட்டுக்கொண்டாள். பசியில் வேகவேகமாகச் சாப்பிட்டாள், சட்னி போதவில்லை என்று குறை வேறு சொன்னாள். பஸ் வந்தது.

வேண்டுதலை நான் விட்டுவிடவில்லை. நன்றி சொல்ல ஒரு வேளை வேண்டாமா? தினமும் நான்கு மணிவாக்கில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். தெரிந்தால் கும்பிடுகிறேன். தெரியாத நாளில் மயிலாத்தாள் கூடையில் ஒரு செவ்வந்தியைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் ஏழரைக்கு இட்லி, மாத்திரை, இரண்டும் நேரத்துக்கு நடக்கிறது. இங்கே பனிக்காலம் தை வரைக்கும் போகுமாம், அதற்குள் பிள்ளை வந்துவிடும்.

நேற்று நல்ல வெளிச்சம். பனி விலகிப் பாதிச் சூரியன்தான் வெளியே வந்திருந்தது, நான் கையைக் குவித்தேன். உள்ளேயிருந்து கௌசிகா, "அப்பா" என்றாள், கொஞ்சம் மெல்லிய குரலில்தான்.

முதல் தடவை கூப்பிட்டதுமே திரும்பிவிட்டேன்.