பாலத்து வழி

கட்டளையில் காற்புள்ளி ஒன்றை விட்டுவிட்டதற்காகக் கணினி மறுபடியும் சிவப்பு எழுத்தில் திட்டியது. "ஸ்டீயரிங் பிடிச்ச கைக்கு இது படிய மாட்டேங்குது," என்றார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். தங்கை சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்ப்பவள் அவள். காசில்லாமல் கிடைக்கும் 'ஆர்' (R) என்ற புள்ளிவிவர மென்பொருளைத் தன் பழைய மடிக்கணினியில் ஏற்றிக்கொடுத்து, ஞாயிறுதோறும் வந்து சொல்லிக்கொடுத்தாள். இதில் அண்ணனுக்கு என்ன திடீர் ஆசை என்று கேட்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, அவசர அழைப்பு வந்த வீட்டுக்குப் போகையில், கடைத்தெரு வழியா பாலத்து வழியா என்று ஒரு கணம் தயங்கி, வண்டியைப் பாலத்துப் பக்கம் திருப்பினார். போய்ச் சேர்ந்தபோது வாசலில் நின்ற பெரியவர் சத்தம் போடவில்லை. "இப்பத்தான்ப்பா" என்றார். உள்ளே, கட்டிலில் கிடந்த அவர் மனைவியின் கையில் இன்னும் சூடு இருந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல் ஓட்டுநரை விடவில்லை. பல் தேய்க்கும்போது வந்தது. மகளுக்குத் தலைவாரிவிடும்போது வந்தது. சீப்பு சிக்கில் அப்படியே நின்றுவிடும், "அப்பா, வலிக்குது" என்பாள் அவள்.

அனுமதி வாங்கி, எல்லா வண்டிகளின் பழைய பயண விவரங்களையும் கணினியில் ஏற்றியிருந்தார்கள். தூரம், மழை, நேரம், போன வழி. ஒவ்வொன்றும் பயணத்தை எவ்வளவு நீட்டுகிறது என்று பிரித்துச் சொல்லும் மாடலை இன்று அவரே எழுதினார். காற்புள்ளியைச் சேர்த்ததும் ஓடியது.

தங்கை திரைக்கருகே குனிந்தாள். "கடைத்தெருவ விட பாலத்து வழியில சராசரியா ஒரு நிமிஷம் கூட ஆகுது. ஆனா உறுதி இல்லண்ணே. ரெண்டு நிமிஷம் மிச்சமாகலாம், நாலு நிமிஷம் கூடவும் ஆகலாம். அந்த ரெண்டுக்கும் நடுவுல பூஜ்யம் இருக்கு பாரு."

"அப்படின்னா?"

"வித்தியாசம் இருக்குன்னு சொல்ல முடியாது."

"இல்லன்னு சொல்லலாமா?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அதையும் சொல்ல முடியாது."

"இன்னும் விவரம் சேத்தா?"

"பொதுவா எப்படின்னு தெரியும். அன்னிக்கு அந்த ஒரு தடவை என்ன ஆயிருக்கும்னு எதுவும் சொல்லாது. விட்டுடேண்ணே."

மன்னிக்கவும் மாட்டேன், குற்றம் சொல்லவும் மாட்டேன் என்று ஒரு இயந்திரம் சொல்லக்கூடும் என அவர் நினைத்துப் பார்த்ததேயில்லை.

தங்கை டீ போட எழுந்து போனாள். ஒவ்வொரு பயணத்தையும் ஒரு புள்ளியாகக் காட்டும் வரைபடத்தை அவர் திறந்தார். மாடல் போட்ட கோட்டைச் சுற்றிக் கருப்புப் புள்ளிகள் ஈசல் மாதிரி அப்பியிருந்தன. அந்த மாலையின் புள்ளியைத் தேடினார். தனியாக, எங்கோ தூரத்தில் நிற்கும் என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தார். இல்லை. அதற்கு மட்டும் சிவப்பு நிறம் கொடுத்தார். அப்போதும் தெரியவில்லை, மேலே வேறு புள்ளிகள் கிடந்தன. பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாசலாக விரிந்தது. எல்லா வாசலிலும் யாரோ கதவைத் திறந்துவைத்து, தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.