நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்

ரவூப் மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கியதும் மேலிருந்த பெட்டி சரிந்து விழுந்தது. துளை போட்ட அட்டைகள் கூடம் முழுக்கச் சிதறின. அண்ணனின் மையித்தைக் கிடத்த இடம் வேண்டியிருந்தது.

“அண்ணன் வெட்டி ஒட்டுற அட்டைதானே மதினி, குப்பையில போட்டுடவா?”

“வேணாம் தம்பி. ஆபீஸ் அட்டையும் அதுல கலந்துருக்கு.”

விடியலில் கணவன் ஜலாலுதீனின் மூச்சு நின்றதிலிருந்து சம்சுன்னிசா பேசிய முதல் பேச்சு அது. எல்லாவற்றையும் ஒரு போர்வையில் வாரிக்கட்டி உள்ளறையில் வைத்தாள்.

நாலு வருடத்துக்கு முன் ஜலாலுதீனின் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு வேலை சொல்லிக் கொடுக்கும் அட்டைகளை எழுதுவது அவன் வேலை. இரவில் வீட்டிலும் அதே அட்டைகள்தாம். ஞாயிறு விடிந்தால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பொங்கோல் கடற்கரைக்குப் பஸ் ஏறிவிடுவான். மிச்சப் பொழுதில், கெட்டுப்போன அட்டைகளை ஒட்டி, நூல் கோத்து, படம் ஒட்டும் ஆல்பம் தைப்பான். மூன்றையும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் பார்த்துக்கொண்டான்.

“என்னையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்” என்று அவள் கேட்கும்போதெல்லாம், “இந்தப் புரோகிராம் முடியட்டும் சம்சு, நிச்சயம் போலாம்” என்பான். பத்து மாதமாக அது முடியவில்லை. நேற்றிரவுதான், “முடிஞ்சிருச்சு” என்றான்.

அஸர் தொழுகைக்கு முன்பே அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். அவனோடு வேலை பார்த்த அப்துல் காதர் மட்டும் போகாமல் வாசலிலேயே தயங்கி நின்றான். ரவூப் விசாரித்தபோது தணிந்த குரலில் சொன்னான்.

“இந்த நேரத்துல கேக்கக்கூடாதுதான். அண்ணன் செக் பண்ண எடுத்துட்டு வந்த கார்டு... நாளைக்கு மெஷின்ல ஓட்டணும். வேற காப்பி கிடையாதுலா.”

“அது காலையிலயே கொட்டிக் கலைஞ்சு போச்சே.”

அப்துல் காதர் முகம் வெளுத்தது. “ஒரு கார்டு மாறினாலும் மெஷின் எடுக்காது. பத்து மாச வேலை...”

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து சம்சுன்னிசா சொன்னாள். “அவங்கள உக்காரச் சொல்லுங்க தம்பி. நான் அடுக்கித் தரேன்.”

“இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?” என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் முணுமுணுத்தார்கள். அவள் போர்வையை அவிழ்த்தாள்.

நேற்றிரவு அவள் இரு கைகளாலும் அட்டைக் கட்டை நெருக்கிப் பிடித்துக்கொள்ள, ஜலாலுதீன் அதன் மேல்விளிம்பில் சிவப்புப் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு இழுத்தான். ‘கலைஞ்சாலும் இத வச்சு அடுக்கிடலாம்.’ அவன் மூச்சு அவள் கைமேல் பட்டது. அந்த மேசையருகே அவர்கள் அப்படி உட்கார்ந்தது அபூர்வம்.

கோடு இப்போது அட்டைக்கு ஒரு புள்ளியாகப் பிரிந்து கிடந்தது. புள்ளி இல்லாதவை ஆல்பத்துக்கானவை, அவற்றை ஒதுக்கினாள். மற்றவற்றை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி அடுக்கினாள். கண்ணீர் விளிம்பில் சொட்டிவிடக் கூடாதே என்று முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

பெட்டி மூடியில் அவன் கையெழுத்தில் 412 என்று இருந்தது. எண்ணினால் ஒன்று குறைந்தது. கூடத்தில் குனிந்து தேடினாள். அலமாரிக்கு அடியில் கிடைத்தது.

அதைச் செருகிவிட்டால் எல்லாவற்றையும் கொண்டு போய்விடுவார்கள். ஒன்றே ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே. துளைகளை விரலால் தடவிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே அப்துல் காதர் மெல்ல இருமினான்.

அட்டையை அதன் இடத்தில் செருகினாள். கோடு முழுசாயிற்று.

ரவூப் பெட்டியைக் கொண்டுபோய் அப்துல் காதரிடம் கொடுத்தான். திரைக்கு இந்தப் பக்கமிருந்து அவள் கேட்டாள்.

“ஓடுமா?”

“ஓடும் மதினி” என்றான் அப்துல் காதர்.

“ஓடும்போது சத்தம் வருமா?”

“பெரிய சத்தம்லா. பக்கத்துல நின்னு பேச முடியாது.”

“அவங்க சொன்னதே இல்ல.”

அப்துல் காதர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினான்.

வந்தவர்களுக்குத் தேநீர் போட அடுப்படிக்குப் போனாள். இருட்டில் படம் கழுவுவதற்காக ஜலாலுதீன் சன்னலில் ஆணியடித்து மாட்டிய கறுப்புத் துணி அப்படியே தொங்கியது. ஓரத்தைத் தூக்கினாள். டன்லப் தெருவின் வெயில் தரையில் சாய்ந்து விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணியை இழுத்துவிட்டு, அவன் செய்வதுபோலவே வெளிச்சம் கசியாதபடி ஓரங்களையெல்லாம் செருகினாள்.