எதிர்ப்பக்கத்து ரயில்

பதினாறு வீடு பார்த்தாயிற்று. பதினாறுக்கும் அவள் கணவர் மார்க் போட்டாயிற்று. அந்த நோட்டை அவர் கையில் எடுத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்க் போடுவது அவர் பிழைப்பு. தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே கீறல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்தப் பழக்கத்தில் போகிற வீட்டிலெல்லாம் சுவரைத் தட்டினார், கதவைத் தட்டினார், ஒரு வீட்டில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலியையே தட்டிப் பார்த்தார். பிறகு வெளிச்சம், தண்ணீர், காற்று, அக்கம்பக்கம், பாப்பா விளையாட இடம் என்று பதினான்கு தலைப்பு போட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று எழுதுவார். அவள் மனதுக்குள் அவருக்குப் பரீட்சை வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தாள்.

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே ஊருக்கு மாற்றல் கிடைத்ததை எல்லோரும் அதிர்ஷ்டம் என்றார்கள். என்ன அதிர்ஷ்டமோ! அவளுடைய ஆஸ்பத்திரி நகரத்தின் நட்டநடுவில் இருந்தது. அவருடைய தொழிற்சாலை ரயில் பாதையின் அந்தக் கோடியில், புறநகரில். அவள் டயாலிசிஸ் டெக்னீஷியன். எட்டு மணிக்கு மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும். பத்து நிமிடம் தாமதித்தால் யாரோ ஒருவர் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு காத்துக் கிடப்பார்.

வடிகட்டியதில் இரண்டு வீடுகள் மிஞ்சின. ஒன்று ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர் கைக்கு எட்டும். இன்னொன்று புறநகரில், அவருடைய அக்கா வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி. மூன்று அறை, பின்னால் புல்தரை, தொழிற்சாலைக்கு நடந்தே போகலாம். மூன்றாவது மாடிக்கு எண்பத்தொன்று. புல்தரைக்கு நூற்றுப் பன்னிரண்டு.

"தூரத்துக்கு எப்படிங்க ஏழு மார்க்?" என்று அவள் கேட்டாள்.

"எனக்குப் பத்து, உனக்கு நாலு. சராசரி ஏழு. போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானே போய்ப் பார்த்தேனே, வாசல்ல இருந்து ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் நாப்பதே நிமிஷம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்! ஊரே சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிற நேரத்தில் போய் அளந்துவிட்டு வந்திருக்கிறார். அவள் போட்ட சத்தத்தில் கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அவர் அக்கா வீட்டில் ஒரு நாள் தங்கி, வேலை நாளில் காலையில் இருவரும் சேர்ந்து போய்ப் பார்ப்பது. திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும். இரண்டு வீட்டுப் புரோக்கர்களும் புதன்கிழமை மதியத்துக்குள் முடிவு கேட்டிருந்தார்கள். அதனால் புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, தூங்குகிற பாப்பாவை நாத்தனாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

முதல் பஸ் நிற்கவே இல்லை. இரண்டாவது நின்றது, ஆனால் ஏற இடமில்லை. மூன்றாவதில் அவள் உள்ளேயும் அவர் படியிலுமாகத் தொற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ரயில் பெட்டியில் அவளுடைய கால் ஓரிடத்திலும் பை வேறிடத்திலும் இருந்தன. பைக்குள் போன் அடித்தது. கையை மடக்கி உள்ளே விடுவதற்குள் நின்றுவிட்டது.

நடுவழியில் சிக்னலுக்காக ரயில் நின்றது. எதிர்ப்பக்கம், நகரத்திலிருந்து வெளியே போகிற ரயில் ஒன்று மெதுவாக வந்து பக்கத்தில் நின்றது. அந்தப் பெட்டியில் மொத்தம் மூன்று பேர். ஒருத்தி எதிர் சீட்டில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். இவள் அந்தக் கால்களையே பார்த்தாள். வழியெல்லாம் இப்படியே நான்கைந்து ரயில்கள் போயிருந்தன, எல்லாமே காலியாக.

கணவர் யாரோ ஒருவருடைய முழங்கையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இன்னைக்கு ஏதோ ஆயிடுச்சு போல. தினமும் இப்படி இருக்காது" என்றார்.

பக்கத்தில் துணிக்கடைச் சீருடையில் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். "ஆமா சார். இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்ல. சீக்கிரம் போயிடலாம்."

ஆஸ்பத்திரி கேட்டில் மணி ஏழு ஐம்பத்தைந்து. அவள் போனை எடுத்துப் பார்த்தாள். ரயிலில் அடித்தது நாத்தனார் எண். திரும்ப அடித்தாள். பாப்பாதான் எடுத்தது.

"அம்மா, எழுந்து எல்லா ரூம்லயும் தேடினேன். நீ இல்ல. அத்தைதான் ஜடை போட்டாங்க. ஒண்ணு மேல இருக்கு, ஒண்ணு கீழ இருக்கு. எப்ப வருவ?"

"வந்துடறேன்டா கண்ணு" என்றாள். தினமும் சொல்லப்போகிற பொய் இதுதானா என்று நினைத்தாள். பாப்பா காலை ஆறரைக்கு எழும், ராத்திரி எட்டுக்குள் தூங்கிவிடும். அவளுடைய டியூட்டி சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் முடியும். புல்தரை வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வந்தால், மகள் விழித்திருக்கிற நேரத்தில் முழுதாக ஒரு மணி நேரம்கூட அவளுக்குக் கிடைக்காது.

எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் நோட்டை எடுத்தார். நேர்மையான மனிதர்தான். அவளுடைய நாலை அடித்துவிட்டு ஒன்று போட்டார். சராசரியைத் திருத்தினார். மொத்தத்தைத் திரும்பக் கூட்டினார்.

"நூத்திப் பத்தரை" என்றார் தயங்கித் தயங்கி. "இப்பவும் அந்த வீடுதான் முன்னாடி நிக்குது."

அவளுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டீ தளும்பிப் புடவையில் கொட்டியது.

"இந்தப் பதினாலு தலைப்புல நான் எங்கங்க இருக்கேன்? காட்டுங்க பார்ப்போம்."

அவர் உண்மையாகவே தேடினார். விரலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "தூரத்துல. பாதி."

அவள் சிரித்துவிட்டாள். அழுகை வருவதற்குப் பதில் வந்த சிரிப்பு அது.

"காலையில நான் வீட்டுல இருப்பேன்ல? பாப்பாவை நான் பார்த்துக்க மாட்டேனா?" என்றார் அவர்.

"பார்த்துப்பீங்க. ஜடைகூடக் கத்துப்பீங்க. ஆனா எனக்கு அங்க இருக்கணும்ங்க. அது எழுந்திரிக்கும்போது நான் இருக்கணும். இதுக்கு எந்தத் தலைப்பு?"

அவர் நோட்டை மூடிப் பெஞ்சில் வைத்தார்.

"எதிர்ப்பக்கம் போன ரயிலைப் பார்த்தீங்களா?"

"எந்த ரயில்?"

"காலியாப் போச்சே, அது. உங்க தொழிற்சாலைக்குப் போற ரயில். அதுல நீங்க போகக்கூடாதா?"

"நானா?" என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லில் இருந்த ஆச்சரியம்தான் அவளை உலுக்கிவிட்டது. பதினாறு வீடு பார்த்த மனிதருக்கு, தானும் ரயிலேறலாம் என்பது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதைவிட எரிச்சல் என்னவென்றால், இத்தனை நாள் அவளும் அதைக் கேட்கவில்லை. பயணம் என்றால் தனக்குத்தான் என்று தானாகவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, எத்தனை நிமிடம் என்பதற்கு மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இப்பவே போய்ப் பாருங்க. பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. போகும்போது மார்க் போடுங்க" என்றாள்.

அவர் எழுந்தார். டீக்குக் காசு கொடுத்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அவள் புடவையில் டீ பட்ட இடத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தாள். கறை போகவில்லை. மூன்று மாடி ஏறி இறங்குவதையும் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சுவரையும் நினைத்துப் பார்த்தாள். நல்ல வீடு ஒன்றும் இல்லை அது. அதற்காக இப்படித் தொண்டை வறளக் கத்த வேண்டியிருக்கிறதே என்று அலுப்பாக இருந்தது.

அரை மணி நேரம் கழித்து போன் அடித்தது. பின்னால் ரயில் ஓடுகிற சத்தம். அதோடு டொக், டொக் என்று இன்னொரு சத்தம். ரயில் சீட்டைத் தட்டிப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"உட்கார இடம் இருக்கு" என்றார். மறுபடியும் ஒரு டொக். "பெட்டி முழுக்க நான் மட்டும்தான் இருக்கேன்."

"எத்தனை மார்க்?"

"நோட்டை எடுத்துட்டு வரல."

நோட்டு பெஞ்சில் அவள் பக்கத்திலேயே கிடந்தது.

"அந்த மூணாவது மாடிக்குச் சரின்னு புரோக்கர்கிட்ட சொல்லிடு. நான் போயிட்டு வந்துக்கறேன்" என்றார் அவர்.

இதைச் சொல்ல இவருக்கு ஒரு ரயிலே காலியாக ஓட வேண்டியிருந்தது என்று நினைத்தாள். கோபம் முழுதாக இறங்கவில்லை. இறங்க நாளாகும்.

"பாப்பா ஜடையை அவிழ்த்து விட்டுக் கூட்டிட்டு வரவா? அசிங்கமா இருக்குன்னு அழறாளாம், அக்கா போன்ல சொன்னா."

"வேண்டாம், அப்படியே வரட்டும்" என்றாள் அவள். "நான் பின்னிவிட்டுக்கறேன்."