தண்ணீர்மேல் நின்ற பார்சல்

மிக்ஸி ஜாருக்கு ஒரு ரப்பர் வாஷர். அதைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட் குடோனிலிருந்து ஒரு ட்ரோன் கிளம்பிப் பழவேற்காடு ஏரிக்கு வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதுதான். வேறு நாளாக இருந்தால் குப்பமே கைகொட்டிச் சிரித்திருக்கும். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அந்த வாஷரை ஆர்டர் போட்ட தீனாவைக் காணாமல் நான்கு நாளாகியிருந்தது.

ட்ரோன் குப்பத்துக்கு வரவில்லை. ஏரி நடுவில், கொக்குமேடு என்கிற திட்டுக்கு நேரே, தண்ணீருக்கு மேலே போய் நின்றது. வண்டு மாதிரி ஒரே இடத்தில் ரீங்காரம். கரையில் நின்றிருந்த தீனாவின் பெண்டாட்டி புவனேஸ்வரிக்கு போனில் மெசேஜ் வந்தது. அவள் நம்பரையும் சேர்த்துத்தான் அவன் கொடுத்திருந்தான்.

'உங்கள் பார்சல் வந்துவிட்டது. வெளியே வந்து பெற்றுக்கொள்ளவும்.'

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. 'வாடிக்கையாளர் வரவில்லை. நாளை மீண்டும் வருவோம்.'

அவள் அதை இரண்டு தரம் படித்தாள்.

காணாமல் போன அன்று காலையில்தான் அவனைத் திட்டியிருந்தாள். கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை முடிந்து வீட்டோடு கிடந்தவனை, "ஜாரு ஒழுவுது, ஒரு வாஷர் வாங்கியாரத் துப்பில்ல" என்றாள். கோபத்தில் சொன்ன பேச்சுதான். அதுவே கடைசிப் பேச்சாகும் என்று யார் கண்டார்கள்? முகத்துவாரத்தில் நண்டு பிடிக்கப் போகிறேன் என்று அப்பனிடம் சொல்லிவிட்டுத் தோணியை எடுத்தான். மறுநாள் தோணி மட்டும் முகத்துவாரத்துப் பக்கம் மிதந்து கிடந்தது. ஆண்களெல்லாம் அங்கேயே முங்கி முங்கித் தேடினார்கள். ஆள் கிடைக்கிறவரை ஏரியில் யாரும் வலை போடக் கூடாது என்பது ஊர் வழக்கம். வலையெல்லாம் கரையில் காய்ந்துகொண்டிருந்தது. அழவும் முடியவில்லை அவளால். பிணத்தைப் பார்க்காமல் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று மாமியார் வாயைப் பொத்தினாள். ராத்திரியில் புவனேஸ்வரி அவனுக்கென்று ஒரு தட்டுச் சோறு மூடி வைத்தாள். காலையில் அதை அவளே நாய்க்குப் போட்டாள்.

ட்ரோன் கம்பெனி சார்பில் குப்பத்தில் தங்கியிருந்தவன் ஜோஷ்வா. காக்களூர் பையன். கையில் எப்போதும் ஒரு டேப்லெட்.

"அது ஏன் தம்பி தண்ணியில போய் நிக்குது?" என்று புவனேஸ்வரி அவனைக் கேட்டாள்.

"அக்கா, உங்க ஊர்ல டோர் நம்பரே கெடையாது. அதான் 'இருக்கும் இடம்'னு பட்டனை அமுத்தச் சொன்னோம். ஆர்டர் போடும்போது அவரு எங்க இருந்தாரோ அங்கதான் போவும்."

"தண்ணின்னு தெரியாதா அதுக்கு?"

"எங்க மேப்ல உங்க ஊரே தண்ணிக்குள்ளதான் காட்டுதுக்கா."

என்ன விஞ்ஞானமோ! ஆனால் அவளுக்கு ஒன்று பளிச்சென்று புரிந்தது. வாஷரை ஆர்டர் போடும்போது தீனா முகத்துவாரத்தில் இல்லை. கொக்குமேட்டில் இருந்திருக்கிறான்.

மறுநாளும் ட்ரோன் வந்தது. அதே இடம், அதே மெசேஜ். வெளியே வா, வெளியே வா என்று யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. மாமனார் மாரியப்பனிடம் ஓடினாள்.

"மாமா, கொக்குமேட்டாண்ட தேடுங்க."

அவர் முகம் இறுகிவிட்டது. காரணம் இருந்தது. ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். தீனா காணாமல் போன அன்றைக்குக் கொக்குமேட்டுப் பாடு வீரராகவனுடையது. அவன் ஊத்துக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். அடுத்தவன் பாட்டில் கை வைத்தவனை ஊர் திருடன் என்றே சொல்லும். முறை தப்பினவர்களுக்குத் தண்டம் விதிக்கிற பெரியதனக்காரரே மாரியப்பன்தான்.

"எம்புள்ள திருடன்னு சொல்றியா? பறக்குற பொம்மை சொல்லுது, நீயும் சொல்லிக்கினு வரியா?"

அவள் திரும்பினாள். கட்டினவனைத் திருடனாக்கினால்தான் அவன் கிடைப்பான் என்றால், அவள் என்னதான் செய்வாள்?

மூன்றாம் நாள் காலையில் ஜோஷ்வா சங்கடத்தோடு வந்தான். "அக்கா, இன்னிக்குத்தான் கடைசி. மூணு வாட்டி வாங்கலைன்னா பார்சல் ரிட்டர்ன். அந்த எடத்தையும் மேப்லேர்ந்து அழிச்சிடுவாங்க."

அவள் யாரையும் கேட்கவில்லை. ஜோஷ்வாவை ஏற்றிக்கொண்டு தோணியைத் தள்ளினாள். கோலைப் பிடித்துப் பழக்கமில்லை. தோணி சுற்றிச் சுற்றி வந்தது. பின்னால் யாரோ இடுப்பளவு தண்ணீரில் விறுவிறுவென்று நடந்து வரும் சத்தம் கேட்டது. மாரியப்பன் ஏறி உட்கார்ந்தார்.

"கோலைக் குடு" என்றார். பின்னாலேயே நாலைந்து தோணிகள் வேடிக்கை பார்க்கக் கிளம்பின. வீரராகவனும் அதில் இருந்தான்.

ட்ரோனுக்கு நேர் கீழே வந்ததும் மாரியப்பனின் கோல் எதிலோ இடித்தது. கழி. தண்ணீருக்கு மேலே தெரியாதபடி தாழ அடித்த கழி. திருட்டு வலைக்குத்தான் அப்படி அடிப்பார்கள். அதைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே கிழவருக்குத் தலை நரைத்தது. குனிந்து கையை விட்டு வலையைத் தடவினார். ஒவ்வொரு முடிச்சாகத் தடவினார். மழைக்காலமெல்லாம் உட்கார்ந்து அவர் கையாலேயே போட்ட முடிச்சு.

நிமிர்ந்து, எல்லாத் தோணிக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். "என் வலைதாண்டா! எம்புள்ளதாண்டா கட்டினான்! வீரராகவா, ஊரு இன்னா தண்டம் போட்டாலும் நான் கட்டுறேன். எறங்கித் தூக்குங்கடா அவன!"

முதலில் குதித்தவன் வீரராகவன். வலையோடு சுற்றிக் கிடந்தவனை அறுத்து எடுத்து மேலே கொண்டுவந்தார்கள். ஏரி அவனை அடையாளம் தெரியாமல் பண்ணியிருந்தது. இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் பையில் போன் இருந்தது. அதை வைத்துத்தான் அவள் கண்டுகொண்டாள். தோணியில் கிடத்தித் துண்டைப் போர்த்தினார் மாரியப்பன்.

மேலே ட்ரோன் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. ஜோஷ்வா டேப்லெட்டைப் பார்த்தான்.

"அக்கா... பேட்டரி முடியப்போவுது. திரும்பிப் போவச் சொல்லிடட்டா?"

"எறக்கு" என்றாள்.

கயிற்றில் தொங்கியபடி உள்ளங்கை அளவு பொட்டலம் இறங்கி வந்தது. அவள் அதை எடுத்து, துண்டை விலக்கி, அவன் கைக்குள் வைத்து மூடினாள். கயிறு மேலே ஏறிப் போயிற்று.

"யார் வாங்கினாங்கன்னு கேக்குதுக்கா. உங்க பேரு போடட்டா?"

"அவரேதான் வாங்கிக்கினாருன்னு போடு."

அவன் போட்டான். அவள் மடியில் போன் ஒருமுறை அதிர்ந்தது. 'பார்சல் ஒப்படைக்கப்பட்டது. நன்றி.' அதைப் படித்த பிறகுதான் புவனேஸ்வரி வாய்விட்டு அழுதாள். இந்த முறை அவள் வாயை யாரும் பொத்தவில்லை.