பாஸ்கலின் ஹீட்டர்

சென்னையில் காரின் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு செல்பவர் ஒருவர் உண்டு என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். இராயபுரத்தில் பாஸ்கலைப் பார்த்தும் சிரித்தார்கள். சித்திரை வெயிலில்கூடக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, சட்டை முதுகோடு ஒட்ட, ஆவியில் வெந்த இட்லியைப்போல் அவர் தம் பழைய காரிலிருந்து இறங்குவார். பக்கத்து இருக்கையில் அவர் மனைவி வியாகுலம்மாள் கம்பளிக்குள் இருப்பார். வாரத்தில் மூன்று நாள் அந்த அம்மையாருக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம் இரத்தம் வெளியே சென்று சுத்தமாகித் திரும்பும்போது, உடம்பின் சூட்டை எங்கோ வைத்துவிட்டு வந்ததுபோல் நடுக்கம் எடுக்கும். வீடு சேரும்வரை அதற்கு ஒரே மருந்து, துறைமுகத்தில் முப்பது ஆண்டு கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பாஸ்கல் கண்டுபிடித்த அந்த ஹீட்டர்தான்.

வியாகுலம்மாளுக்கு ஓர் ஆசை இருந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் ஆறு கடலோடு சேரும் இடத்தை ஒரு முறை பார்க்க வேண்டும். அவர் பிறந்தது அங்கே. பெரிய தூரமில்லை. ஆனால் டயாலிசிஸ் இல்லாத நாளில் உடம்பில் நீர் கோத்து மூச்சு வாங்கும். செய்துகொண்ட நாளில் மூச்சு இலேசாகும், குளிர் வந்துவிடும். கடற்காற்று பட்டால் பல் கிட்டும். கடலுக்கு இத்தனை அருகில் குடியிருந்தும் எட்டு மாதமாக அவர் கடலைப் பார்க்கவில்லை. சென்ற மாதம் தாமாக ஏறிய வாசற்படிகளை இந்த மாதம் கணவரின் தோளைப் பிடித்துத்தான் ஏறினார். ஆகவே பாஸ்கல் முடிவு செய்தார். தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மருத்துவமனையிலிருந்து நேரே எண்ணூர். வண்டியை விட்டு இறங்க வேண்டாம். உள்ளே சூடு, வெளியே கடல்.

அந்த வாரம் பார்த்து வண்டி படுத்துக்கொண்டது. வியாகுலம்மாளின் காலடி விரிப்பு நனைந்து, உள்ளே வெல்லப்பாகு போன்ற வாடை வந்தது, என்ஜினும் கொதித்தது. மெக்கானிக் தௌசீஃப் ஒரே நாளில் ஒழுக்கை நிறுத்திக் கொடுத்தார். வியாழனன்று புறப்பட்டார்கள். திருவொற்றியூரைத் தாண்டிக் கடற்காற்று வந்ததும் பாஸ்கல் ஹீட்டரை முழுதாகத் திருப்பினார். வெளிக்காற்றே உள்ளே வந்தது. நடுங்கும் உடம்புக்கு அது பனி. என்ஜின் இன்னும் சூடேறட்டும் என்று சிறிது தூரம் போனார். கம்பளியின் விளிம்பு ஆடத் தொடங்கியது. பாஸ்கல் வண்டியைத் திருப்பினார்.

“கடல் எங்கியும் பூடாதுங்க,” என்றார் வியாகுலம்மாள், வீடு நெருங்கும்போது.

மறுநாள் காலை பாஸ்கல் தாமே சோதிக்க இறங்கினார். ரேடியேட்டரில் நீர் குறைந்திருக்கிறதா? இல்லை. என்ஜின் சூடாகிறதா? சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. ஹீட்டர் திருகைத் திருப்பினால் உள்ளே தடுப்பு நகரும் ஓசை கேட்டது. பழுது பார்த்தபின் குழாய்க்குள் காற்று அடைத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னதால், தெருமுனைச் சரிவில் முகம் மேலே பார்க்க வண்டியை நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து என்ஜினை ஓடவிட்டு, குமிழி அடங்கும்வரை நீர் ஊற்றினார்.

வியாகுலம்மாள் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நீர் என்று அவருக்கு மருத்துவர் அளந்து வைத்திருந்தார்.

“அதுக்கு மட்டும் பாட்டில் பாட்டிலா ஊத்துறீங்க,” என்றார். “எனுக்கு மூடில அளந்து குடுக்கிறீங்க. நான் இன்னா பாவம் பண்ணேன்?”

அவ்வளவு ஊற்றியும் சூடு வரவில்லை. கடைசியாக, என்ஜினிலிருந்து காரின் உட்புறத்துக்குச் சுடுநீர் கொண்டுபோகும் இரண்டு ரப்பர் குழாய்களை விரலால் தடவிக்கொண்டே போனார். அவை உட்புறத்துக்குப் போகவே இல்லை. பாதியில் ஒரே குழாயாக வளைந்து என்ஜினுக்கே திரும்பியிருந்தன. உள்ளே நுழைய வேண்டிய இரு வாய்களும் மூடியிட்டு அடைக்கப்பட்டிருந்தன.

ஒரு பழங்கதை உண்டு. மழைக்காலம் வருமுன், நீர் இறங்கி மரம் உளுத்துவிடுமே என்று ஓர் அணில் ஆலமரத்துப் பொந்து ஒன்றை மண்ணால் பூசியதாம். அந்தியில் ஒரு கிளி வந்து திகைத்து நின்றது. “காலியாகத்தானே இருந்தது?” என்றது அணில். “காலிதான், நான் இரை தேடப் போயிருந்தேன்” என்றது கிளி.

பாஸ்கல் பட்டறைக்குப் போய்க் கேட்டபோது தௌசீஃபும் அந்த அணிலைப்போலத்தான் பேசினார். “தப்பா எடுத்துக்காத நைனா. உள்ள ஹீட்டர் டப்பா ஓட்ட. அத்த மாத்தணும்னா டேஷ்போர்டு மொத்தமும் பிரிக்கணும், உனுக்குப் பேஜாரு. மெட்ராஸ்ல எவன் ஹீட்டர் போடுறான்? வர்ற வண்டிக்கெல்லாம் லைன இப்டித்தான் வளைச்சு வுடுவேன். ஒருத்தனும் திரும்பி வந்து கேட்டதில்ல.”

பாஸ்கல் தெருவின் சிரிப்புக்குக் கூசி, ஹீட்டர் எதற்கு என்று இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னார்.

“எங்க வூட்டுக்காரி கடல் பாக்கணும்னு கேக்குது, பாய். குளுருது அதுக்கு.”

தௌசீஃப் கையைத் துடைத்த துணியை மடித்தார். பிரித்து மீண்டும் மடித்தார். “இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா, நைனா?” என்று மட்டும் கேட்டார். அன்றே பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய்ப் பொருத்தமான ஹீட்டர் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். டேஷ்போர்டைப் பிரித்து மாட்ட இரண்டு நாள் ஆயிற்று. பிறகு கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தாமே காசிமேடு வரை ஓட்டிச் சென்று, தலைமுடியில் வேர்வை சொட்டத் திரும்பிவந்து சாவியைக் கொடுத்தார்.

அடுத்த வியாழன் மாலை, வண்டி முகத்துவாரத்து ஓரம் நின்றது. என்ஜின் நின்றால் சூடும் நின்றுவிடும் என்பதால் பாஸ்கல் அதை அணைக்கவில்லை. அக்கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், இக்கரையில் படகுகள், நடுவில் சாம்பல் நிற ஆறு மெல்ல நிறம் மாறிக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. வியாகுலம்மாள் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கச் சொன்னார். காற்று அவர் நெற்றி முடியை எழுப்பியது. காலடியில் சூடு இருந்ததால் நடுக்கம் வரவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

“தொடணும்போல கீதுங்க,” என்றார்.

இறங்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். பாஸ்கல் இறங்கினார். வேர்வையில் நனைந்த சட்டையோடு மணலில் நடந்து, அலை வரும்வரை நின்று, இரு கையாலும் நீரை அள்ளினார். காருக்கு வருவதற்குள் நீர் வழிந்துபோய்க் கை ஈரம் மட்டும் மிஞ்சியது. கதவைத் திறந்து அந்தக் கையை நீட்டினார்.

வியாகுலம்மாள் அதைத் தம் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையை உதட்டில் ஒற்றினார். மருத்துவர் அவருக்கு உப்பையும் தடுத்திருந்தார்.

“உப்புதான்,” என்றார். “டாக்டராண்ட சொல்லாதீங்க.”

கதவைச் சாத்திவிட்டுத் தம் இருக்கையில் வந்து அமர்ந்து, கை ஈரம் காயட்டும் என்று பாஸ்கல் இன்னும் சற்று நேரம் வண்டியை எடுக்காமல் இருந்தார்.