அட்டைப்படத்தில் இல்லாத கட்டடம்

என் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் அடிஸ்கேல். ஒல்லியாக இருந்ததால் வைத்தார்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மை அதுவல்ல. அடுத்தவன் நோட்டில் மார்ஜின் கோணலாக இருந்தால் பிடுங்கி, அழித்து, நேராகப் போட்டுக் கொடுத்துவிட்டு அடி வாங்கிக்கொண்டு வருவான். வளர்ந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கடைசியில் அதுவே அவனுக்குச் சோறு போட்டது. கட்டடங்களையும் நகரங்களையும் படம் எடுப்பதுதான் அவன் தொழில். வருடத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு நாட்டில், ஏதாவது ஒரு தெருமுனையில் ட்ரைபாடை ஊன்றிக்கொண்டு நிற்பான்.

சும்மா நிற்கமாட்டான். ஒரு கண்ணாடிக் கோபுரத்தில் எதிரே இருக்கும் பழைய மணிக்கூண்டு துண்டுதுண்டாகத் தெரியும் அந்த ஒரு நிமிடத்துக்காக நாள்கணக்கில் காத்திருப்பான். மூடுபனி பாலத்தின் கால்களை மட்டும் மறைக்கும்வரை வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டு கிடப்பான். ரயில் நிலையத்தில் மல்லாந்து படுத்துக் கூரையைப் படம் எடுத்ததற்காக ஓர் ஊரில் காவலர்கள் அவனை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தால், தினம் கடந்துபோகும் கட்டடம்தானா இது என்று அந்த ஊர்க்காரர்களுக்கே சந்தேகம் வரும். தங்கை என்பதால் புகழவில்லை. அவனைப் புகழ எனக்கென்ன பைத்தியமா. உள்ளதைச் சொல்கிறேன்.

அவன் படத்தில் எந்தச் சுவரும் சாயாது. உயரமான கட்டடத்தைக் கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தால் பின்னால் சரிவது போலத் தெரியும். எல்லார் படத்திலும் அப்படித்தான். அதைத் தவிர்க்க அவன் தனி லென்ஸ் வைத்திருந்தான். கேமராவின் தலையில், கொத்தனார்கள் வைத்திருப்பதுபோல் ஒரு குட்டி ரசமட்டம். அதிலுள்ள குமிழி நடுவில் வந்து நிற்காமல் பட்டனைத் தொடமாட்டான். "கம்ப்யூட்டர்ல வச்சு நிமித்தற ஆள் நான் இல்ல" என்று மேடைக்கு மேடை சொல்வான். கைதட்டலும் வாங்கிக்கொள்வான்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்துக்கு ஃப்ரேமைப் பொருத்திக் கொடுப்பேன். யாருக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. நேரான ஃப்ரேமை அப்படியே மாட்டினால் கோணலாக உட்காரும். ஒரு பக்கக் காம்பைச் சூடுபண்ணி வளைத்தால்தான் பார்க்கிறவர் கண்ணுக்கு நேராகத் தெரியும். இதை அண்ணனிடம் சொன்னால், "அதான் உன் பொழப்பே கோணலா இருக்கு" என்பான்.

நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தைத் திறப்புவிழாவன்று படம் எடுத்தவன் அவன்தான். அந்தப் படத்தில் மயங்கித்தான் நானும் என் வீட்டுக்காரரும் கையிலிருந்ததையெல்லாம் துடைத்துப் போட்டு ஒன்பதாவது மாடியில் வீடு வாங்கினோம். சில வருடங்கள் ராஜா ராணி போல இருந்தோம். அப்புறம் குளியலறைக் கதவு தாழ் போடாவிட்டால் தானாகத் திறக்க ஆரம்பித்தது. "பேய் குளிக்க வருது, துண்டு எடுத்து வை" என்றார் வீட்டுக்காரர். நானும் சிரித்தேன். பிறகு, மேசையில் வைத்த வெங்காயம் எப்போதும் ஒரே மூலைக்கு உருண்டது. மாடிப்படிச் சுவரில் விரிசல் விட்டு, அதில் என் சுண்டுவிரல் நுழைந்த அன்று சிரிப்பு நின்றுபோனது.

குடியிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து மனு கொடுத்தோம். நகராட்சிப் பொறியாளர் வந்து அளந்து பார்த்தார். நல்ல மனிதர். வார்த்தையை அளந்துதான் பேசினார்.

"சாய்வு இருக்குங்க. ஆனா கொஞ்சம் சாய்வு நிறையக் கட்டடத்துல இருக்கும். இது கட்டும்போதே வந்ததா, இப்ப நகருதான்னுதான் தெரியணும். நகருதுன்னா இன்னைக்கே எல்லாரையும் வெளிய அனுப்பிடுவேன். நகரலைன்னா விரிசலைப் பூசிட்டு இருக்கலாம்."

"நகருதுங்க. எங்க வீட்டு வெங்காயத்தைக் கேளுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கட்டட நிறுவனத்தின் மேலாளர் இதற்காகவே காத்திருந்தவர்போல, லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த இரண்டு பெரிய படங்களுக்கு முன்னால் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஒன்று திறப்புவிழாப் படம். இன்னொன்று இந்த வருடம் அண்ணன் எடுத்தது. உலக நகரங்களையெல்லாம் சேர்த்து அவன் கொண்டுவரப் போகும் புத்தகத்துக்கு அதுதான் அட்டைப்படம்.

"ரெண்டையும் எடுத்தது ஒரே ஆள். உலகமே பாராட்டற ஆள். அன்னிக்கும் இன்னிக்கும் ஒரு முடி அளவாவது மாறியிருக்கா பாருங்க" என்றவர் என் பக்கம் திரும்பி, "மேடத்தோட சொந்த அண்ணன்தான்" என்று பல்லைக் காட்டினார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பொறியாளர் இரண்டு படங்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

எங்கள் லிஃப்ட் கூப்பிட்டதும் வராது. தினமும் அந்தப் படங்களை முறைத்துக்கொண்டு நிற்பதே என் வேலையாகிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் கையில் காய்கறிப் பையோடு அப்படி நின்றபோதுதான் கவனித்தேன். முதல் படத்தில் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் நிற லாண்டரிக் கட்டடம் இருந்தது. இரண்டாவதில் இல்லை. முந்தின நாள்தான் அங்கே துணி கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அதே வாரத்தில் அண்ணன் வந்தான். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் வழியில் இரண்டு நாள் எங்களோடு தங்குவது அவன் வழக்கம். வந்தவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேரே கூடத்துக் கடிகாரத்திடம் போனான்.

"கோணலா மாட்டியிருக்க" என்று, பக்கத்திலிருந்த கதவு நிலையைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தான். கையை எடுத்ததும் அது பழையபடி திரும்பியது. மறுபடி திருப்பினான். மறுபடியும் போனது.

"மச்சான், ஆணியில அது பாட்டுக்குத் தொங்குது. விட்டுடுங்க" என்றார் வீட்டுக்காரர்.

"எனக்கென்ன கண்ணு தெரியலையா மாப்பிள்ளை? நிலைக்கும் அதுக்கும் ஒத்தே போகல பாருங்க." பையிலிருந்து டேப்பை எடுத்து, கடிகாரத்தை அவன் விரும்பிய நேருக்கு ஒட்டியே விட்டான். பிறகு சாவதானமாக உட்கார்ந்து தண்ணீர் கேட்டான்.

நான் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணா, கீழ மாட்டியிருக்கற ரெண்டாவது படத்துல லாண்டரி எங்க போச்சு?"

"எந்த லாண்டரி?"

"பக்கத்துல மஞ்சக் கட்டடம். திறப்புவிழாப் படத்துல இருக்கு. இந்த வருஷப் படத்துல காணோம்."

"ஓ, அதுவா. வெட்டிட்டேன். இடைஞ்சலா இருந்துச்சு."

"என்ன இடைஞ்சல்?"

"சாஞ்சு தெரிஞ்சுது."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. டம்ளரைக் கீழே வைத்தான்.

எடுத்தபடியே இருக்கும் மூலப்படத்தை அண்ணன் யாருக்கும் காட்டமாட்டான். வேகாத சோற்றை யாராவது பரிமாறுவார்களா என்பான். அன்றைக்கு நான் கேட்காமலே லேப்டாப்பைத் திறந்தான். மூலப்படத்தில் லாண்டரி நிமிர்ந்து நின்றது. தெருவிளக்குக் கம்பமும் நிமிர்ந்து நின்றது. நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்த கட்டடம் மட்டும், பக்கத்து ஆளிடம் ரகசியம் சொல்லப் போவதுபோல் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

"குமிழி நடுவுலதான் இருந்துச்சு" என்றான் மெதுவாக. "ரூமுக்குப் போய்ப் பாத்தா படம் சாஞ்சிருக்கு. நடைபாதைக் கல்லு ஆடியிருக்கும்னு நினைச்சேன். கம்ப்யூட்டர்ல லேசாத் திருப்பினேன். இது நேராச்சு, லாண்டரியும் கம்பமும் சாஞ்சுது. அதான் ரெண்டையும் வெட்டிட்டேன்."

"நிமித்தற ஆள் இல்லைன்னு ஊரெல்லாம் சொன்னியே."

"இது ஒண்ணுதான். சத்தியமா இது ஒண்ணுதான்."

"சரி, இதைப் பொறியாளர்கிட்ட குடு."

அடுத்த வாரம் புத்தக வெளியீடு. கூடவே கண்காட்சி. அட்டை அச்சாகிவிட்டது. இதைக் கொடுத்தால் அட்டைப்படம் பொய். ஒன்று பொய்யென்றால் மற்ற நகரங்களையும் யார் நம்புவார்கள்? இத்தனை வருடம் வெயிலிலும் பனியிலும் நின்று சம்பாதித்த பெயர். அவன் வாயைத் திறக்காமலே இது அத்தனையும் அவன் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது. பாவமாகவும் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"நாலு நாள் டைம் குடேன். வெளியீடு முடியட்டும்" என்றான்.

"அண்ணா, நீ படத்துல நிமித்தின வீட்டுக்குள்ளதான் நாங்க தினம் தூங்கறோம்."

வீட்டுக்காரர் எழுந்து போய் ஒரு வெங்காயத்தைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார். அது கொஞ்சம் யோசித்து, உருண்டு, விளிம்பிலிருந்து விழுந்து அண்ணன் காலருகே போய் நின்றது. அவன் குனிந்து எடுத்து மறுபடி வைத்தான். மறுபடியும் அதே மூலைக்குத்தான் உருண்டது. எழுந்து கடிகாரத்திடம் போய் டேப்பைப் பிய்த்தான். கடிகாரம் லேசாக ஆடி, தன் பழைய கோணத்துக்குப் போய் நின்றது. கோணல் அதனுடையது அல்ல என்று இப்போது மூன்று பேருக்கும் தெரிந்தது.

விடிந்ததும் அவன் தெருவில் இறங்கி, அதே இடத்தில் ட்ரைபாடை ஊன்றி இன்னொரு படம் எடுத்தான். நான் பக்கத்தில் நின்று குமிழியைப் பார்த்துக்கொண்டேன். ரசமட்டத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். சந்தேகம் அதன்மேல் இல்லை என்று அவனுக்கே தெரியும், இருந்தாலும் துடைத்தான். மூன்று படங்களையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பொறியாளரின் அறைக்குப் போனோம். அவர் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

"திறப்புவிழாவுல நேரா இருக்கு. இந்த வருஷ ஆரம்பத்துல சாஞ்சிருக்கு. இன்னைக்கு அதுக்கும் மேல. லாண்டரியும் கம்பமும் மூணுலயும் அசையல" என்றவர் ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டே அண்ணனைப் பார்த்தார். "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? உங்க அட்டைப்படம் திருத்தினதுன்னும் சேர்த்து எழுதணும்."

"தர்றேன்" என்றான் அண்ணன்.

பொழுது சாய்வதற்குள் எல்லாரும் பெட்டி படுக்கையோடு தெருவில் நின்றோம். லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் எங்கள் வீட்டுக்கும் தெருவுக்குமாக ஏறி இறங்கி, கடைசியில் கடிகாரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீடு போனது போனதுதான். அதற்கான வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தச் சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது ஆட்களில் ஒருவர்கூடக் குறையவில்லை. மேலாளர் வந்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, இரண்டு படங்களையும் கழற்றிக்கொண்டு போனார்.

புத்தகம் தள்ளிப்போனது. நடந்ததை அண்ணன் கண்காட்சி மேடையில் சொன்னான். இந்தமுறை கைதட்டல் இல்லை. இவர் படங்களை இனி எப்படி நம்புவது என்று ஒருவர் பத்திரிகையில் எழுதினார். கண்காட்சியில் அந்த மூலப்படத்தை, லாண்டரியோடும் கம்பத்தோடும், நடுச்சுவரில் மாட்டினான். அரங்க ஊழியர் ஒருவர் வந்து ஃப்ரேமைத் தட்டித் தட்டிச் சரிசெய்யப் பார்த்தார்.

"விட்டுடுங்க. ஃப்ரேம் சரியாத்தான் இருக்கு" என்றான் அண்ணன். வாழ்நாளில் அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நாங்கள் ஒரு பழைய தெருவில் மாடி போர்ஷன் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். சாமான்களைப் பிரித்துக் கடிகாரத்தை மாட்டிய அன்று அண்ணன் வந்தான். கடிகாரத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். நான் டேப்பை ஒளித்து வைக்கலாமா என்று நினைத்தேன். அவன் கையை நீட்டவில்லை. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சுவரில் வைத்தான். பிறகு கதவு நிலையில். ஜன்னல் விளிம்பில். சமையலறையில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மேடையில், என்னை நகரச் சொல்லிவிட்டு வைத்தான். கடைசியாகப் படுக்கையறைக்குப் போய் முழங்கால் போட்டு உட்கார்ந்து, தலையணை வரும் இடத்தில் தரையில் வைத்தான். குமிழி நிற்கும்வரை காத்திருந்தான். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி" என்று நிமிர்ந்தான். "தூங்குங்க."